பதினொன்றரைப் பாகையில் ஒரு கோடு

பரீதாவுக்கு மூன்று கோடு போதும். எக்ஸ் கதிர் யந்திரத்தின் பேனா நீளக் கடதாசியில் ஏறி இறங்கி வரைந்து முடிந்ததும், ஆக உயரமான மூன்று கோடுகளைப் பார்ப்பாள். இது ரூட்டைல், இது சேர்க்கோன், இது வெறும் மணல் என்று சொல்லிவிடுவாள். அட்டைப் பெட்டியைத் திறந்து எண்களை ஒப்பிடுவதெல்லாம் மேலதிகாரிக்காக. கிண்ணியாத் துறையில் மிதவைப் படகுக்கு வரும் பெண்களை, முக்காடும் குடையுமாகத் தூரத்தில் தெரியும்போதே நடையை வைத்து இன்னார் என்று சொல்லுகிறவள் அவள். இதுவும் அதுதான் என்பாள்.

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய பழைய கட்டடம் ஒன்றில் இருந்தது அந்தப் பரிசோதனைக்கூடம். கடற்கரை மணலில் என்னென்ன கனிமம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அதன் வேலை. பரீதா உயர்தரப் பரீட்சை எழுதவேண்டிய ஆண்டில் ஊரே இடம்பெயர்ந்து கிடந்தது. பல்கலைக்கழகம் அதோடு போயிற்று. இருபத்திரண்டு வயதில் உதவியாளாகச் சேர்ந்து முதல் வருடம் போத்தல் கழுவினாள். இரண்டாம் வருடம் யந்திரத்தை அவள் கையில் விட்டார்கள். இது நடந்த தொண்ணூற்றெட்டில் அவள் அங்கே பத்தாம் வருடம்.

தாய் ஆமினா உம்மாவுக்கு மகளின் வேலை விளங்கியதில்லை. யாரும் கேட்டால், "கல்லுக்கும் மண்ணுக்கும் எக்ஸ்ரே எடுக்கிறா" என்பார். பரீதா ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். உப்போ, மணலோ, சீமெந்தோ, உள்ளே அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கின்றன. அடுக்குகளின் இடைவெளி ஒவ்வொன்றுக்கும் வேறு. பொடியின் மேல் கதிரை விட்டால் அந்த இடைவெளிக்குப் பொருந்திய சில கோணங்களில் மட்டும் பலமாகத் திரும்பும். அந்தக் கோணம் வரும்போது பேனா எழும்பும். எந்தெந்தக் கோணத்தில் எழும்பிற்று என்று பார்த்தால் பொருளின் பெயர் தெரிந்துவிடும்.

ஆமினா உம்மா முழுவதையும் கேட்டார்.

"அப்ப இந்த மிசினைச் செக்பொயின்ற்றில வெச்சா ஐடென்ரிகாட் தேவையில்லையே மகள்."

"மனிசரை அரைச்சுப் பொடியாக்கித்தான் வைக்கவேணும் உம்மா."

"அது அவங்களுக்குக் கஷ்டமில்லை" என்று ஆமினா உம்மா மீன் வெட்டப் போய்விட்டார்.

கூடத்துக்கு வரும் மணல் எப்போதும் ஈரம். ஈரப் பொடி தட்டில் ஒழுங்காக அமராது. ஆகவே எது வந்தாலும் முதலில் உலர்த்துபெட்டிக்குள் போகும். நூற்றுப்பத்துப் பாகைச் சூடு, ஓர் இரவு. மாரியில் அந்தப் பெட்டி எல்லாருக்கும் பொது. மேலதிகாரி இராசதுரையின் நெருப்புப்பெட்டி, காவலாளியின் நனைந்த காலுறை, ஒருமுறை அரை இறாத்தல் பப்படம்கூட அதற்குள் போய் வந்திருக்கின்றன. மாதிரியைக் கையில் வாங்கியதும் பரீதாவின் கால் தானாகப் பெட்டிப் பக்கம் திரும்பும்.

மார்கழித் திங்கட்கிழமை ஒன்றில் பொலிஸ்காரர் ஒருவர் அரக்கு வைத்த ஜாம் போத்தலைக் கொண்டுவந்தார். உள்ளே சாம்பல் நிறப் பொடி. கூட வந்த கடிதத்தில் ஒரே கேள்வி: இந்தச் சீமெந்தில் பாரிஸ் சாந்து கலந்திருக்கிறதா, இல்லையா?

கதையை அந்தப் பொலிஸ்காரரே சொன்னார். விரிகுடாவுக்கு அப்பால் ஒரு கிராமத்து ஆசுபத்திரிக்குப் பிரசவ வார்ட் கட்ட ஐம்பது பை சீமெந்து போயிருந்தது. அந்த நாளில் அந்தக் கரைக்குச் சீமெந்து போவதென்றால் பைக்கு ஒரு கையெழுத்து வேண்டும். பதுங்குகுழி கட்டப் போய்விடும் என்று படைக்குப் பயம். வேலையை எடுத்தவர் சம்பூர் வீரக்குட்டி மேசன். முதல்நாள் கலவை குழைத்து ஐந்து நிமிடத்தில் தட்டிலேயே விறைத்தது. மேசன் தண்ணீர் விட்டு இளக்கிப் பூசினார். மறுநாள் விரலால் சுரண்ட உதிர்ந்தது. வேலையை மேற்பார்த்த ஓவசியர் மேலே எழுதினார். நல்ல சீமெந்தில் பாதியை மேசன் காட்டிலிருக்கும் இயக்கத்துக்கு அனுப்பிவிட்டு, குறைக்குப் பாரிஸ் சாந்தைக் கலந்து பையைத் தைத்திருக்கிறான் என்று மேலே முடிவெடுத்தார்கள். பாரிஸ் சாந்து என்பது முறிந்த கைகாலுக்கு வைத்துக் கட்டும் வெள்ளை மா. தண்ணீர் பட்டுச் சில நிமிடத்தில் இறுகும்.

வீரக்குட்டி நகரத்துப் பொலிஸ் நிலையம் ஒன்றில் அடைபட்டிருந்தார். வியாழன் காலை கொழும்புக்கு அனுப்புவார்கள். போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாரும் யாரையும் கேட்காத காலம்.

பரீதா போத்தலில் பாதியை எடுத்து உலர்த்துபெட்டியில் வைத்தாள். மிச்சத்தை மூடிக் கட்டினாள்.

செவ்வாய் காலை யந்திரத்தில் போட்டாள். பாரிஸ் சாந்தின் முதல் கோடு பதினாலே முக்கால் பாகையில் வரவேண்டும். பேனா அந்த இடத்துக்கு வந்தது, எழும்பியது, இறங்கியது. சந்தேகத்துக்கு இடமில்லை. 'உண்டு' என்று எழுதினாள். இராசதுரை கையெழுத்து வைத்தார். பன்னிரண்டு மணிக்குப் பொலிஸ்காரர் வந்து வாங்கிப் போனார். பரீதா சோற்றுப் பெட்டியைத் திறந்து சாப்பிட்டாள்.

இரண்டு மணிக்குக் காவலாளி வந்து, வாசலில் ஒரு பெண் நிற்கிறாள், போகச் சொன்னால் போகிறாளில்லை என்றார். பரீதா போய்ப் பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். செருப்பில் கடற்கரைச் சேறு காய்ந்திருந்தது.

"மிஸ், நீங்களே அந்தப் போத்தலைப் பாத்தது?"

"ஓம். நீங்க ஆர்?"

"வீரக்குட்டி மேசன்ட மனிசி. ராசமலர். பொலிசில சொல்லுறாங்கள், மா கலந்திருக்கெண்டு மிசின் சொல்லிப்போட்டுதாம்."

"ஓம்."

"எந்த மா மிஸ்? முறிஞ்ச காலுக்குப் போடுற மாவோ?"

"அதுதான்."

ராசமலர் சிரித்துவிட்டாள். அழுது வீங்கிய முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பரீதாவுக்குப் பயமாயிருந்தது.

"என்ர மூத்தவள் போன மாசம் கிணத்துக்கட்டில வழுக்கிக் கை முறிஞ்சவள். ஆசுபத்திரியில மா இல்லையெண்டு பனம்மட்டை வெச்சுக் கட்டிவிட்டவங்கள். அந்த மா எங்கட பக்கம் வாறதுக்கே தடை மிஸ். சீமெந்துக்காவது பெர்மிட் இருக்கு, அதுக்கு அதுவுமில்லை. இந்த மனிசன் அதை எங்க கண்டது? கண்டிருந்தா முதல்ல பிள்ளைட கையில எல்லோ அப்பியிருப்பார்! மூட்டை மூட்டையாச் சீமெந்துக்க கொட்ட அவருக்கென்ன விசரே?"

காவலாளி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஞாயமான கதைதான் மிஸ்" என்றார்.

பரீதா உள்ளே வந்தாள். காலையில் வரைந்த கடதாசியை மேசையில் விரித்தாள். பதினாலே முக்காலில் கோடு நேராக நின்றது. யந்திரம் பிழை சொல்லவில்லை. அவள் கடதாசியைத் தொடக்கத்திலிருந்து மறுபடி பார்த்துக்கொண்டு வந்தாள். ஐந்து பாகை, எட்டு, பத்து. பதினொன்றரையில் விரல் நின்றது.

அங்கே ஒன்றுமில்லை. சித்திரை மாதத்துக் கடல் மாதிரித் தட்டை.

சீமெந்து செய்கிறவர்கள் அது சட்டென்று இறுகாமலிருக்கக் கொஞ்சம் ஜிப்சம் போட்டு அரைப்பார்கள். உலகத்தில் எந்தப் பையைத் திறந்தாலும் அது இருக்கும். ஜிப்சத்தின் கோடு பதினொன்றரைப் பாகையில் வரும். இந்தச் சீமெந்தில் ஜிப்சம் எங்கே? பாரிஸ் சாந்தைக் கலந்தவன் ஜிப்சத்தைப் பொறுக்கி எடுத்தானா?

பக்கத்தில் நிலாவெளியிலிருந்து வந்த ஈர மணல் ஒரு தட்டில் இருந்தது. யோசித்துக்கொண்டே அதை எடுத்துப் போய் உலர்த்துபெட்டியின் கதவைத் திறந்தாள். சூடு முகத்தில் அடித்தது. கை அப்படியே நின்றது.

ஜிப்சத்தின் அடுக்குகளுக்கிடையில் தண்ணீர் உண்டு. சூடாக்கினால் முக்கால் பங்கு தண்ணீர் போய்விடும். அடுக்கு மாறும். மாறி நிற்பதுதான் பாரிஸ் சாந்து. தொழிற்சாலைகளில் அதைச் செய்வதே அப்படித்தான். நேற்றிரவு முழுக்க இந்தப் பெட்டிக்குள் அதைத்தான் அவள் செய்திருக்கிறாள். பத்து வருடமாக மணலை உலர்த்திய கை சீமெந்தையும் உலர்த்திவிட்டது.

தட்டைக் கீழே வைத்துவிட்டு இராசதுரையின் அறைக்குப் போனாள்.

இராசதுரைக்கு ஓய்வுபெற இன்னும் ஒன்றரை வருடம். கவனமான மனிதர். எந்தக் கடிதத்தையும் இரண்டு தரம் வாசித்துத்தான் கையெழுத்து வைப்பார். பரீதா சொல்லி முடிக்கும்வரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேயிருந்தார்.

"பிள்ளை, ரிப்போட் போயிட்டுது."

"ஓம் சேர்."

"பொலிசுக்குப் போன கடதாசியைத் திருப்பிக் கேக்கிறது லேசுப்பட்ட வேலையில்லை. என்னைப் பாத்துக் கேப்பான், மேசன்ட ஆக்கள் உனக்கு என்ன தந்தவங்கள் எண்டு. நான் தமிழன். உன்னைக் கேட்டாலும் கேப்பான்."

"கேக்கட்டும் சேர். உலத்தினது நான். பிழை என்ட எண்டு எழுதிக் கையெழுத்து வெச்சித் தாறன்."

"வேலை போனா?"

"அந்த மனிசன் போயிட்டா?"

இராசதுரை கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவளை ஒரு முறை பார்த்தார்.

"உலத்தாத மிச்சம் இருக்கோ?"

"பாதி வெச்சிரிக்கன்."

"நல்லது. ஆனா அதை மட்டும் காட்டினாக் காணாது. நேற்றொரு கதை, இண்டைக்கொரு கதை எண்டுவான். நல்ல சீமெந்து ஒண்டும் வேணும். அதையும் உலத்தாமல் ஒருக்கா, உலத்தி ஒருக்கா ஓட்டு. உன்ர பெட்டிதான் கள்ளன் எண்டு காட்டவேணும்."

மஹ்ரூப் நானாவின் இரும்புக்கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. பரீதா கடதாசிப் பையை நீட்டி ஒரு பிடி சீமெந்து கேட்டாள்.

"ஒரு பிடியா? என்ன தங்கச்சி, எறும்பு வளை அடைக்கப் போறீங்களா?"

"நானா, பொலிசுக்கு நீங்கதானே சீமெந்து குடுக்கிற?"

"ஓம். வாசல்ல கட்டியிருக்கிற காவல் அரண் என்ட சீமெந்துதான். அசைக்க ஏலாது."

"அந்தப் பையிலயே தாங்க."

அதில் பாதியை உலர்த்துபெட்டியில் வைத்துவிட்டு மாலை மிதவையைப் பிடித்தாள். கூடத்திலிருந்து கிளம்பும்போது வாசலில் ராசமலர் இல்லை. பொலிஸ் நிலையத்துக்கு எதிரேயிருக்கும் வாகை மரத்தடியில் இருப்பாள் என்று காவலாளி சொன்னார்.

புதன் காலை எட்டு மணிக்கே பரீதா வந்துவிட்டாள். கதிர்க் குழாய் சூடாகாமலிருக்கக் குழாய்த் தண்ணீர் ஓடவேண்டும். பத்தரைக்குத் தண்ணீர் நின்றுவிடும். அதற்குள் மூன்று ஓட்டம். ஐந்து பாகையிலிருந்து இருபது வரை போதும். ஓட்டத்துக்கு அரை மணி.

முதலில் போத்தலின் மிச்சம். உலர்த்தாதது. பொடியைத் தட்டில் இட்டுக் கண்ணாடித் துண்டால் சமப்படுத்தினாள். பொத்தானை அழுத்தினாள். இராசதுரை பின்னால் வந்து நின்றார். பேனா நடுங்கிக்கொண்டு நகர்ந்தது. எட்டுப் பாகை. ஒன்பது. பதினொன்று.

பதினொன்றரையில் எழும்பியது. கடதாசியின் பாதி உயரத்துக்கு ஏறி நின்று, இறங்கியது.

பரீதா பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

"ஜிப்சம்" என்றார் இராசதுரை. "அப்படியே இருக்குது பிள்ளை."

பேனா மேலே போனது. பதினாலே முக்காலில் மறுபடி சிறிதாக ஒரு மேடு. நேற்றையதில் நாலில் ஒரு பங்கும் இல்லை. ஆனால் மேடுதான். பரீதா எழுந்துவிட்டாள்.

"சேர், இது உலத்தாதது. இதென்னத்துக்கு வருது?"

இராசதுரை தம் அறைக்குப் போனார். அட்டை கழன்ற பழைய புத்தகம் ஒன்றோடு திரும்பி வந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். சீமெந்தை அரைக்கும்போது ஆலை அளவுக்கு மேல் சூடேறினால், உள்ளேயிருக்கும் ஜிப்சத்தில் கொஞ்சம் அங்கேயே வெந்து பாரிஸ் சாந்தாகிவிடும். அப்படிப்பட்ட சீமெந்து குழைத்ததும் விறைக்கும். அது உண்மையான இறுக்கமல்ல. தண்ணீர் விடாமல் தொடர்ந்து புரட்டினால் தானாக இளகும். பிறகு ஒழுங்காக இறுகும்.

பரீதா அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"அந்த மனிசன் தண்ணி ஊத்திட்டார்."

"எந்த மேசனும் ஊத்துவான். தண்ணி கூடினாச் சீமெந்துக்குப் பெலமில்லை. அதுதான் உதிர்ந்தது. கலந்தவன் மேசன் இல்லை பிள்ளை, எங்கேயோ வெளிநாட்டில அரைச்ச ஆலைட சூடு."

மற்ற இரண்டு ஓட்டமும் சண்டை பிடிக்காமல் வந்தன. மஹ்ரூப் நானாவின் சீமெந்து, உலர்த்தாமல்: ஜிப்சம் நின்றது, பாரிஸ் சாந்து இல்லை. அதே சீமெந்து, உலர்த்தியபின்: ஜிப்சம் இல்லை, பாரிஸ் சாந்து நெடுநெடுவென்று நின்றது. பத்து இருபத்தைந்துக்குத் தண்ணீர் நின்றது. யந்திரத்தை அணைத்துவிட்டுப் பரீதா மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் தென்பகுதிக்காரர். கிழக்கில் ஆறு வருடம் இருந்து தமிழ் பேசப் பழகியிருந்தார். நான்கு கடதாசிகளையும் மேசையில் விரித்தபோது அவர் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"என்ன மிஸ், நேத்து இருக்கு சொல்றீங்க, இன்னிக்கி இல்ல சொல்றீங்க?"

"நேத்துப் பாத்தது பிழை. நான் அதை உலத்திப்போட்டன். சூட்டில மாறிட்டுது. இந்தா, என்ட பிழை எண்டு எழுதியிரிக்கன்."

அவர் கடிதத்தை வாசித்தார். கண்ணை உயர்த்தி இராசதுரையைப் பார்த்தார். இராசதுரை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"யாராவது வந்து பேசினதா?"

"மேசன்ட மனிசி வந்தா" என்றாள் பரீதா. "மா அந்தப் பக்கம் போறதில்லையெண்டு சொன்னா. அது உண்மையா பொய்யா எண்டு உங்களுக்குத்தானே தெரியும்? தடை போட்டது நீங்க."

இராசதுரை இருமினார். பரீதா கடைசிக் கடதாசியை அவர் முன்னால் நகர்த்தினாள்.

"இது நேத்து இராத்திரி என்ட பெட்டியில உலத்தின வேறொரு சீமெந்து. பாருங்க, அதே கோடு. இதிலயும் மா இரிக்கி எண்டுதான் சொல்லவேணும்."

"இது யார்ட சீமெந்து?"

"உங்கட. வாசல்ல அரண் கட்டின சீமெந்து."

இன்ஸ்பெக்டர் பக்கத்து மேசைச் சார்ஜனிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். சார்ஜன் சிரிக்கத் தொடங்கி, நிறுத்தி, மறுபடி சிரித்தார்.

"அப்ப என்னையும் நாளைக்கிக் கொழும்பு அனுப்பணும்" என்றார் இன்ஸ்பெக்டர் தமிழில். நான்கு கடதாசிகளையும் அடுக்கி, கோப்பில் கோத்து, மேலே இரண்டு வரி எழுதினார். கையெழுத்து வைக்க அவருக்கு அரை நிமிடம் ஆயிற்று. பரீதா அந்தப் பேனாவை மாத்திரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீரக்குட்டியைக் கொண்டுவந்தார்கள். மெலிந்த, உயரமான மனிதர். இடுப்பிலிருந்த சாரத்தை ஒரு கையால் பிடித்தபடி நின்றார். போகலாம் என்று சொன்னதும் அவர் நகரவில்லை. வாகை மரத்தடியிலிருந்து ராசமலர் ஓடிவந்தாள். வந்தவள் கட்டிப் பிடிக்கவில்லை, அழவுமில்லை.

"சாரத்தை ஒழுங்காக் கட்டுங்கோவன். சனம் பாக்குது" என்றாள். பிறகுதான் அழுதாள்.

வீரக்குட்டி பரீதாவிடம் வந்தார்.

"மிஸ், அப்ப நான் குழைச்சதில பிழையோ? முப்பது வருசமாக் குழைக்கிறன். ஒருநாளும் என்ர கையில உதிர்ந்ததில்லை. உள்ள இருந்து அதைத்தான் யோசிச்சனான்."

பரீதா ஆலையின் சூட்டைப் பற்றிச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார், நம்பவில்லை. இன்ஸ்பெக்டரும் நம்பவில்லை போலிருந்தது. சாட்சிப் பொருளாகக் கொண்டுவந்த பை ஒன்று மூலையில் இருந்தது. அதை வெளியே எடுக்கச் சொன்னார். நிலையத்தின் வாசற்படி ஒன்று ஆறு மாதமாக உடைந்து கிடந்தது.

"மேசன், இதைக் கட்டிக் காட்டு. பாப்போம்."

மணலும் மண்வெட்டியும் வந்தன. வீரக்குட்டி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குழைத்தார். நாலைந்து பொலிஸ்காரர்கள் சுற்றி நின்றார்கள். ஐந்தாம் நிமிடம் கலவை விறைத்தது. மண்வெட்டி அதில் குத்திட்டு நின்றது.

"இதுதான் மிஸ், இதுதான்" என்று அவர் வாளியைத் தூக்கினார்.

"தண்ணி வேண்டாம்! வைங்க அண்ணன். பிரட்டுங்க."

"வராது மிஸ், கல்லாப் போச்சு."

"பிரட்டுங்க."

புரட்டினார். முதலில் கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. முதுகில் வேர்வை ஓடியது. பத்துப் பதினைந்து தரம் புரட்டியபின் கட்டிகள் உடைந்தன. ஓரம் பளபளத்தது. கலவை மண்வெட்டியிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கியது. வீரக்குட்டி ஒரு பிடியைக் கையில் அள்ளி விரலிடுக்கில் பிதுக்கிப் பார்த்தார். மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"ராசமலர், இது என்ர கலவைதான்டி."

"ஓமோம். கரைக்குப் போற லாஞ்சிக்கு நேரமாகுது, பூசி முடியுங்கோ" என்றாள் அவள்.

படியை அவர் அவசரப்படாமல் கட்டினார். மட்டப்பலகை வைத்து இழுத்து, ஓரத்தை விரலால் சீவி, ஈரச் சாக்கை எடுத்து மேலே போர்த்தினார். சார்ஜன் காலைத் தூக்கினார், சாக்கின் மேல் வைத்துப் பார்க்க.

"ஏய், மிதியாதேங்கோ!" வீரக்குட்டி கத்திய சத்தத்தில் சார்ஜன் காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார். "மூண்டு நாளைக்கு ஒருத்தரும் கால் வைக்கப்படாது. விடிய ஒருக்கா, பொழுதுபட ஒருக்கா சாக்குக்குத் தண்ணி தெளிக்கவேணும். மறந்தா நான் பொறுப்பில்லை."

சார்ஜன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் படியைப் பார்த்தார். அவர் தொலைபேசிக்கு உள்ளே போகவேண்டியிருந்தது. காற்சட்டையை முழங்காலில் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டு, புதுப்படியைத் தாண்டி அகலக் கால் வைத்து ஏறினார்.